ஒற்றைக் கை கேட்டவன்

அத்தியாயம் ஏழு

“மாப்பிள்ளையைக் காணோம்க்கா” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது ரீபா துப்பறியும் நிலையம். மாப்பிள்ளைகள்தான் அங்கே பிழைப்பு. பெண் வீட்டார் வந்து பையனின் பெயரைக் கொடுப்பார்கள். பையன் குடிக்கிறானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, வேறு எங்காவது ஒரு குடும்பம் ஓடுகிறதா என்று ரீபா விசாரித்துச் சொல்வாள். ஆனால் மாப்பிள்ளையே தொலைந்துபோய் யாரும் வந்ததில்லை. உதவியாளர் கோமுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேனாவைத் திறந்தாள்.

“அழாதம்மா. கல்யாணம் என்னைக்கு?”

“கல்யாணமா? யாருக்கு?”

“சரி விடு. ஆள் எப்படி இருப்பாரு?”

“மாநிறம். நீல பைஜாமா போட்டிருப்பாரு. கண்ணு மூடாது.”

“தூங்கும்போதுமா?”

“எப்பவுமே.”

“குடிப்பாரா?”

“மூக்கு வழியா ட்யூப் விட்டுத்தான் குடுப்போம்.”

கோமு பேனாவை மூடினாள். “யக்கா, இந்த மாப்பிள்ளை நமக்கு மிஞ்சின கேஸா இருக்கு.”

ரீபா சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தினாள். “பொம்மைதானே?”

பெண் தலையசைத்தாள். “நர்சிங் பொம்மைக்கா. ஆள் உசரம் இருக்கும். கிளாஸ் பிள்ளைங்க வச்ச பேருதான் மாப்பிள்ளை.”

அவள் பெயர் கிறிஸ்டி. பாளையங்கோட்டை ஒலிவமரம் சமுதாயக் கல்லூரியில் பகுதி நேர ஆசிரியை. பத்தாவதோடு நின்றவர்கள், பீடித் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு வந்தவர்கள், மாஞ்சோலை எஸ்டேட்டில் இருந்து குடும்பத்தோடு இறங்கி வந்த பிள்ளைகள் எல்லாம் அங்கே தையலும் பேக்கரியும் மொபைல் ரிப்பேரும் படிக்கிறார்கள். கிறிஸ்டி நோயாளி பராமரிப்புச் சொல்லித் தருகிறாள். பகுதி நேரம் என்றால் ஆசிரியர் அறையில் நாற்காலி கிடையாது. தையல் மிஸ் வகுப்புக்கு எழுந்து போனால் அதில் உட்காரலாம். அவர் திரும்பி வந்தால் எழுந்துகொள்ள வேண்டும்.

“திங்கக்கிழமை எனக்கு நேர்காணல் இருக்கு” என்றாள் கிறிஸ்டி. “நிரந்தர வேலைக்கா. அனுபவச் சான்றிதழ் இல்லாம உள்ளயே விடமாட்டாவ. அதைக் கேட்டுத்தான் தாளாளர் ஞானசிகாமணி சார்கிட்ட போனேன். அன்னைக்குப் பாத்து கட்டில்ல மாப்பிள்ளையைக் காணோம். பொம்மை வந்தாத்தான் சான்றிதழ், இல்லன்னா போலீசுன்னுட்டாவ.”

“உன் மேல ஏன் சந்தேகம்?”

கிறிஸ்டி காலடியில் இருந்த கட்டைப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். பையின் வாயில் ஐந்து விரல்கள் எட்டிப் பார்த்தன.

கோமு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். “யாத்தீ!”

“மாப்பிள்ளையோட இடது கை. பிள்ளைங்க ஊசி குத்திக் குத்தி ரப்பர் கிழிஞ்சிட்டு. ஆபீஸ்ல கேட்டா அடுத்த வருஷம் பாப்போம்னாவ. அதான் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயி, எங்க தெரு பஞ்சர் கடையில சைக்கிள் ட்யூப் ஒட்டுத மாதிரி ஒட்டி வாங்கினேன். மறுநாள் கையோட போறேன், ஆளைக் காணோம். சார் என் பையைப் பாத்துட்டாவ. கை உன்கிட்ட இருக்குன்னா உடம்பும் உன்கிட்டதான் இருக்கும்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாவ.”

ரீபா கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். முழங்கைக்கு உள்பக்கம் கறுப்பு வட்டமாகப் பஞ்சர் ஒட்டு இருந்தது. நல்ல வேலைப்பாடு.

“கோமு, நீ ஒரு பொம்மையைத் திருடிட்ட. வீட்டுக்குப் போயிப் பாத்தா ஒரு கை இல்ல. என்ன செய்வ?”

“கொண்டு போயித் திருப்பிக் குடுத்துட்டு, முழுசா ஒண்ணு தாங்கன்னு சண்டை போடுவேன்.”

“விளையாடாத ளா.”

“சரி. ஒரு கை வாங்கி மாட்டுவேன்.”

“அவ்வளவுதான். கை வச்சிருக்கவளுக்குக் கை தேவையில்ல. யாரு கை தேடி அலைஞ்சானோ அவன்கிட்டதான் உடம்பு இருக்கு.” ரீபா எழுந்து கார் சாவியை எடுத்தாள். “கை எங்க கிடைக்கும்?”

கோமு இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பொம்மைகளுக்குச் சேலை கட்டியவள். அவள் முகம் பிரகாசமானது.

“டவுன்ல சேக் முகம்மது பாய் கடை. தலை, கை, கால், இடுப்பு, எல்லாம் தனித்தனியா கிடைக்கும்.”

*

கடைக்குள் வாழைத்தார்கள் போலக் கைகள் கயிற்றில் கட்டித் தொங்கின. துணிக்கடைகளுக்கு ஹேங்கர், நிலைக்கண்ணாடி, பொம்மை என்று எல்லாம் விற்கிற கடை அது. சேக் முகம்மது ஒரு தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க கோமு. துப்பறியப் போயிட்டியளாமே. என்னத்தத் துப்பறிஞ்சிய?”

“உங்க வியாபாரத்தைத்தான் பாய். கை நல்லாப் போவுதா?”

“தசரா சீசன்லா! குலசை அம்மன் கோயிலுக்கு மாலை போட்டவுக காளி வேஷத்துக்கு எட்டு, பத்துன்னு செட்டு செட்டா வாங்குதாவ. போன வாரம் ஒருத்தர் பதினாறு கேட்டாரு. முதுகு தாங்காது அண்ணாச்சின்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்.”

ரீபா மெதுவாகக் கேட்டாள். “ஒத்தக் கை யாராவது கேட்டாங்களா?”

தலையைத் துடைத்த கை நின்றது.

“கேட்டான். முந்தாநாள். ‘ஒரே ஒரு இடது கை வேணும்’னான். ஒத்தக் கைய வச்சி என்னலே காளின்னேன். ‘மீதி இருக்கு பாய்’னான்.”

கிறிஸ்டி கட்டைப்பையில் இருந்த கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆம்பளைப் பொம்மைக் கை தீந்துட்டு. சேலைப் பொம்மைக் கைதான் கெடந்துச்சு. நகத்துல சிவப்புப் பாலிஷ் போட்ட கை. பரவால்லன்னு பிடுங்கிட்டுப் போனான். வள்ளியூர் போயி எறக்கணும்னு பறந்தான்.”

“எதுல வந்தான்?”

“வெள்ளை வேன்ல. அதையும் சொல்லணும். முன் சீட்டுல ஒரு ஆள் உக்காந்திருந்தாரு. வெயில்ல இருக்காரேன்னு நானாப் போயி, டீ சாப்பிடுதியளான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. இவ்வளவு திமிரு ஆகாதுன்னு நெனச்சிக்கிட்டேன்.”

“அவரு திமிரு பிடிச்சவர் இல்ல பாய்” என்றாள் கிறிஸ்டி. “அவருதான் மாப்பிள்ளை.”

*

ரீபாவின் பழைய ஆம்னி நாங்குநேரியைத் தாண்டியதும் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தன. சாலை ஓரமாகச் சிவப்பு உடுத்திய தசராக் குழுக்கள் மேளத்தோடு போய்க்கொண்டிருந்தன. ஒரு குரங்கு வேஷம் ஆம்னியை நிறுத்திக் காணிக்கை கேட்டது. பின் சீட்டில் கிறிஸ்டியின் மடியில் இருந்த கையைப் பார்த்ததும் வாங்காமலே ஓடியது.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரர் பூதலிங்கம் தானும் மாலை போட்டிருந்தார். நெற்றி நிறையக் குங்குமம்.

“அண்ணாச்சி, முந்தாநாள் ஒரு வெள்ளை வேன் வந்துச்சா?” கோமு கேட்டாள். “முன் சீட்டுல ஆடாம அசையாம ஒருத்தர்...”

பூதலிங்கம் டீ ஆற்றுவதை நிறுத்தினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். “அர்த்தநாரி சாமியவா கேக்கிய?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நானும் வருஷா வருஷம் குலசைக்குப் போறவன்தாம்மா. இப்படி ஒரு வேஷத்தைப் பாத்ததில்ல. வலது கை ஆம்பளைக் கை. இடது கை பொம்பளைக் கை, நகத்துல சிவப்புச் சாயம். சிவனும் சக்தியும் பாதிப் பாதி. விரதம்னா அது விரதம். ஈ வந்து கண்ணுமேல உக்காருது, சாமி இமைக்கல!”

“டிரைவர் ஒண்ணும் சொல்லலையா?”

“அவன் பஜ்ஜி தின்னுக்கிட்டு நின்னான். நான் போயி சாமி மடியில காணிக்கை வச்சிட்டு, எம் மவளுக்கு நல்ல மாப்பிள்ளை அமையணும் தாயேன்னு கும்பிட்டேன். டிரைவர்தான் குங்குமம் தந்தான்.”

“பொருத்தமான ஆள்கிட்டத்தான் கேட்டிருக்கிய அண்ணாச்சி” என்றாள் கோமு. ரீபா அவள் காலை மிதித்தாள்.

“சாமி எந்தப் பக்கம் போச்சு?”

“அந்தா, எஸ்றா சமுதாயக் கல்லூரிக்குள்ள. சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக காலேஜ்ல சாமிக்கு என்ன சோலின்னு நானும் யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு அங்கன ஏதோ இன்ஸ்பெக்ஷனாம்.”

கல்லூரி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ‘ஆய்வுக் குழுவை வருக வருக என வரவேற்கிறோம்’ என்று பெரிய ஃப்ளெக்ஸ். காவலாளி குறுக்கே கையை நீட்டினார். கோமு யோசிக்கவே இல்லை. கட்டைப்பையில் இருந்து கையை எடுத்து நீட்டினாள்.

“பொம்மைக்குக் கை கொண்டு வந்திருக்கோம். ஒரிஜினல்.”

“வெரசாப் போங்கம்மா” என்றார் காவலாளி. “இருக்க கையைப் பாத்து ஆய்வுக்கு வந்த அம்மா சந்தேகப்படுதாவ.”

*

மாடியில் பயிற்சி அறை. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் மூவரும் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

கஞ்சி போட்ட சீருடையில் மாணவிகள் வரிசையாக நின்றார்கள். ஆய்வு அதிகாரி ஃபஹ்மிதா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் மாப்பிள்ளை படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே சிவப்பு நகங்களோடு மெல்லிய இடது கை. பக்கத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண், வியர்த்து வழிந்துகொண்டு.

“நோயாளிக்கு இடது கையில ஊசி போடணும். எப்படித் தொடங்குவீங்க?” ஃபஹ்மிதா கேட்டார்.

கோட்டுப் பெண் பொம்மையின் கையைத் தூக்கினாள். நகங்களைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் இருண்டு கிடந்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் ஊற வைக்கணும் மேடம். பொறவு பழைய பாலிஷைப் பஞ்சால எடுக்கணும். நகத்தோரத்துத் தோலைப் பையத் தள்ளிட்டு, க்ரீம் போட்டு ஒவ்வொரு விரலா உருவி விட்டா...”

“ஊசி போடவா?”

“அதுவும் போடலாம் மேடம்.”

“யக்கா” என்று கிசுகிசுத்தாள் கோமு. “இது பியூட்டி பார்லர்.”

கிறிஸ்டி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டில் குத்தியிருந்த பெயர் வில்லையை. போன மாதம் கல்லூரியில் தொலைந்துபோனது என்று அவள் தேடிய அதே வில்லை. ஃபஹ்மிதா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நாலு வருஷமா முழு நேரத் துறைத் தலைவரா இருக்கீங்கன்னு சொன்னாங்க, கிறிஸ்டி.”

கதவைத் திறந்துகொண்டு கிறிஸ்டியே உள்ளே போய்விட்டாள். ரீபாவுக்குத் தடுக்க நேரமில்லை. அவளும் கோமுவும் பின்னாலேயே நுழைந்தார்கள்.

“அது என் பேரு” என்றாள் கிறிஸ்டி.

அறையின் மூலையில், பூச்செண்டோடு நின்றிருந்த ஒருவர் அப்போதுதான் திரும்பினார். ஞானசிகாமணி. பாளையங்கோட்டையில் பொம்மையைக் காணோம் என்று கத்திய அதே தாளாளர்.

“சார், நீங்க இங்கனயா?” என்றாள் கிறிஸ்டி.

“நீங்க யாரு?” என்றார் ஃபஹ்மிதா.

“கிறிஸ்டி.”

“அப்போ இவங்க?”

“கிறிஸ்டி” என்றாள் கோட்டுப் பெண், பாடம் ஒப்பிப்பதுபோல.

கோமு கையைத் தூக்கினாள். இரண்டு கைகளையும், பையில் இருந்ததையும். “மேடம், இந்த ரூம்ல கிறிஸ்டி இல்லாதது நாங்க ரெண்டு பேரும் சாரும் மாப்பிள்ளையும்தான்.”

மாணவிகள் பக்கம் இருந்து ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. ரீபா கட்டிலுக்குப் போனாள். சிவப்பு நகக் கையைத் திருகிக் கழற்றினாள். பையில் இருந்த கையை வாங்கி மாட்டினாள். ‘டக்’ என்று கச்சிதமாக உட்கார்ந்தது. பஞ்சர் ஒட்டு எல்லோருக்கும் தெரிந்தது.

“சார், ஒரே கேள்வி. இந்தப் பொம்மை எந்தக் கல்லூரியோடது?”

ஞானசிகாமணி அந்த ஒட்டையே பார்த்தார். வள்ளியூர்ப் பொம்மை என்றால், பாளையங்கோட்டைக் கை எப்படிப் பொருந்தியது? பாளையங்கோட்டைப் பொம்மை என்றால், இந்தக் கல்லூரியில் பொம்மையே இல்லை. அதைத் திருடியவரும் அவரேதான். பூச்செண்டில் இருந்து ஒரு ரோஜா கீழே விழுந்தது.

“எனக்கு ஒண்ணுதான் புரியல” என்று ரீபா தொடர்ந்தாள். “வாசல் ஃப்ளெக்ஸ்ல தாளாளர் திருமதி ஞானசிகாமணின்னு போட்டிருக்கு. மனைவி பேருல இங்கன ஒரு காலேஜ் ஆரம்பிச்சிருக்கிய. ஆய்வுக்குப் பொம்மை வேணும். சொந்தப் பொம்மை, சத்தமில்லாம எடுத்துட்டு வந்து சத்தமில்லாம வச்சிருக்கலாம். எதுக்கு இந்தப் பிள்ளை மேல பழி? இப்பப் புரிஞ்சிட்டு. பொம்மை மட்டும் இரவல் இல்ல. இவளும் இரவல். காகிதத்துல இவ வள்ளியூர்ல முழு நேர வேலை பாக்குதா. பாளையங்கோட்டைச் சான்றிதழோட வேற வேலைக்குப் போனா, எங்கயாவது சரிபார்க்கும்போது ஒரே ஆள் ரெண்டு ஊர்ல இருக்கது தெரிஞ்சிரும். அதனால இவ எங்கயும் போகக்கூடாது. பொம்மை வரவே வராது. சான்றிதழும் வராது. அதுதானே?”

ஃபஹ்மிதா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

ஞானசிகாமணி சட்டென்று கிறிஸ்டியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, பெரிசாக்காத. நீ திங்கக்கிழமை போகணும், அவ்வளவுதானே? முழு நேரத் துறைத் தலைவர்னே எழுதித் தாரேன். நாலு வருஷம். பகுதி நேரத்தை எவன் மதிக்கான்? நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். நான் இங்கனதான் வேலை பாக்கேன்னு மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.”

அறை முழுக்கக் காதாக இருந்தது.

கோமு கிறிஸ்டியின் முதுகில் லேசாக இடித்தாள். “வாங்கிரு ளா. நிரந்தர வேலை.”

அந்தக் காகிதம் இருந்தால் திங்கட்கிழமை வரிசையில் கிறிஸ்டிதான் முதலில் நிற்பாள். அது அவளுக்குத் தெரியும். கட்டிலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தன் பெயரைக் குத்திக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தாள்.

“நான் பகுதி நேரம்தான் சார்” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “நாலு வருஷமும் பகுதி நேரம்தான். அப்படியே எழுதித் தாங்க. இப்பவே தாங்க.”

எழுத மேசையில் இடம் இல்லை. மேசை முழுக்க ஆய்வுக்காக அடுக்கிய பூத்தொட்டிகள். ஞானசிகாமணி மாப்பிள்ளையின் நெஞ்சில் காகிதத்தை வைத்து எழுதினார். கையெழுத்துப் போடும்போது மாப்பிள்ளை கண்ணை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை அவர் பெட்டியிலேயே இருந்தது. இரண்டு கல்லூரிக்கும் இரண்டு முத்திரை. கோமு சரியானதை எடுத்துக் கொடுத்தாள்.

ஃபஹ்மிதா அந்தக் காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்துவிட்டுக் கிறிஸ்டியிடம் கொடுத்தார். பிறகு தாளாளரிடம் திரும்பினார். “என் அறிக்கையில நான் பார்த்ததை எழுதுவேன். அடுத்த தடவை சொல்லாம வருவேன். வாழைமரம் வேண்டாம். டீச்சரும் பொம்மையும் இருந்தா போதும்.”

கிறிஸ்டி சான்றிதழை இரண்டாக மடிக்க மனமில்லாமல் அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவுக்கு நடந்தாள்.

“மிஸ்.”

வரிசையில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். “நீங்கதான் நெசமான கிறிஸ்டி மிஸ்ஸா? நாங்க சேந்ததுல இருந்து ஒரு கிளாஸ்கூட நடக்கல மிஸ். இந்த ஊசிய எப்படித்தான் போடணும்?”

“நேரமாவுது கிறிஸ்டி” என்றாள் ரீபா. ஆனால் அவள் குரலில் அவசரம் இல்லை.

கிறிஸ்டி நின்றாள். சான்றிதழைக் கோமுவிடம் கொடுத்தாள். கட்டிலுக்குத் திரும்பி வந்து, மாப்பிள்ளையின் பைஜாமாக் கையை மேலே சுருட்டினாள்.

கோட்டுப் பெண் வில்லையைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். “மன்னிச்சிருங்க மிஸ். சும்மா நின்னாப் போதும்னுதான் கூட்டிட்டு வந்தாவ. நானும் இருந்து படிக்கட்டுமா?”

“உங்க பேரு?”

“இசக்கியம்மா.”

“இருங்க இசக்கியம்மா. முதல்ல எல்லாரும் போயி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. அதுல இருந்துதான் ஆரம்பம்.”

வராந்தாக் குழாயடியில் நீளமாக வரிசை நின்றது. இசக்கியம்மா முதல் ஆளாக நின்று ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசியில், பூச்செண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஞானசிகாமணியும் நின்றார்.